அக்னி மூலையில் வைத்த பெட்டி

எங்க தெருவுல ஒரு ஆம்பிள பகல் நேரத்துல வாசல்ல நின்னா "எப்ப வந்தீக?"ன்னு யாரும் கேக்க மாட்டாங்க. "எப்பப் போறீக?"ன்னுதான் கேப்பாங்க. கேக்குறவங்களச் சொல்லிக் குத்தமில்ல. தென்காசியில எங்க பக்கம் வீட்டுக்கு ஒரு ஆள் சவுதி, துபாய், கத்தார்னு எங்கயாவது இருப்பாங்க. வந்தவங்க போவாங்கங்கிறது ஊர் அறிஞ்ச சங்கதி. ஆனா அந்தத் தடவ பக்ரீத்துக்கு வந்த எங்க வீட்டுக்காரர், மளிகைக் கடைக்காரர் கேட்டதுக்கு "பாப்போம்"னு சொன்னாங்க. நான் பக்கத்துல நின்னுட்டிருந்தேன். கையில இருந்த பையக் கீழ வச்சுட்டேன். பாப்போம்னு சும்மா சொல்ற ஆள் இல்ல அவங்க.

அவங்கள நான் மச்சான்னுதான் கூப்பிடுவேன். எங்களுக்குள்ள புருசனக் கூப்பிடுற முறை அது. மச்சானுக்குச் சவுதியில தம்மாம் பக்கத்துல ஒரு பெரிய ஃபேக்டரியில இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன் வேலை. கல்யாணம் ஆனதுல இருந்து நாங்க ஒரே கூரையில இருந்த நாளக் கூட்டிப் பாக்க எனக்கு மனசு வந்ததில்ல. எங்களுக்கு ஒரே மக. அவ பொறந்தப்ப அவங்க இங்க இல்ல. பள்ளிக்கூடத்துல சேத்தப்ப இல்ல. டெங்கு காய்ச்சல்ல கிடந்தப்ப போனுக்குள்ள இருந்தாங்க. அதுக்கு யாரக் குறை சொல்ல? என்னப் பெத்த அத்தாவும் வெளிநாட்டுப் பயணத்துலயே இருந்தவங்கதான். நானும் அத்தாவப் பாக்காம வளந்த பிள்ளதான். அதனாலயே எனக்கு ஆத்திரம் அதிகம்.

லீவுல வர்றவங்களுக்கு இந்த நாளைக்குள்ள திரும்பி வரணும்னு ஒரு கெடு போட்டுத்தான் அங்க விசா அடிப்பாங்க. கெடு தாண்டிட்டா அந்த வேலைய மறந்துர வேண்டியதுதான். இந்தத் தடவ மச்சான் மனசுல ஒரு கணக்கு இருந்துச்சு. சுரண்டை ரோட்டுல புதுசாக் கட்டுன ஒரு மாடர்ன் ரைஸ் மில்லுக்கு ஆட்டோமேஷன் வேலை கையில வந்திருந்துச்சு. அது நல்லபடியா ஓடுனா அந்த முதலாளிக்குத் தெரிஞ்ச இன்னும் ரெண்டு மில்லுக்காரங்க வேலை தர்றதாச் சொல்லியிருந்தாங்க. அப்படி நடந்தா கெடுவத் தாண்ட விட்டுட்டு இங்கயே இருந்துருவாங்க. நடக்கலேன்னா திரும்பப் பயணம். என்கிட்ட அத ஒரே மூச்சுல சொல்லிட்டு, "பிள்ளகிட்ட இப்பச் சொல்லாத"ன்னாங்க. நான் சொல்லல. ஆனா அவ எப்படியோ தெரிஞ்சுக்கிட்டா. "எங்கத்தா சுரண்டை மில்லுல வேலை பாக்காங்க"ன்னு ஸ்கூல் வேன்ல அத்தனை பிள்ளைககிட்டயும் சொல்லி வச்சிருந்தா.

நானும் பாலிடெக்னிக்ல எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடிச்சவதான். சர்ட்டிபிகேட் பீரோவுல பட்டுச் சேலைக்கு அடியில கிடக்கு. படிச்சு முடிச்ச கையோட நிக்காஹ் ஆயிருச்சு. வேலைக்கு அனுப்ப எங்க வீட்டுலயும் மனசில்ல, அவங்க வீட்டுலயும் மனசில்ல. ஆனா மச்சான் மட்டும், வர்றப்பல்லாம் அங்க பாக்குற வேலையப் பத்தி என்கிட்டதான் பேசுவாங்க. மத்த பொம்பளைகளுக்குப் புருசன் செண்டும் தங்கமும் பத்திப் பேசுவாங்க போல. எனக்கு ரிலேயும் சென்சாரும். எனக்கு அது பிடிச்சுத்தான் இருந்துச்சு. இந்த மில்லுக்கு வரைபடம் போட்டதும் கணக்குப் போட்டதும் நான்தான். சோறு வடிச்சு வச்சுட்டு, டைனிங் டேபிள்ல பேப்பர விரிச்சு ரெண்டு பேரும் உக்காருவோம். எதிரும் புதிருமா வாதாடுவோம். அந்த மாதிரி ஒரு சந்தோசத்த நான் அதுக்கு முன்னால கண்டதில்ல.

அந்த மில்லுல போட்ட கேபிளப் பத்திக் கொஞ்சம் சொல்லியே ஆகணும், இல்லாட்டி நான் எதுக்கு இப்படிக் கொதிக்கேன்னு உங்களுக்கு விளங்காது. பழைய மாதிரி மில்லுல ஒவ்வொரு சென்சாருக்கும் ஒவ்வொரு வால்வுக்கும் தனித்தனியா வயர் இழுத்துப் போர்டுக்குக் கொண்டு வருவாங்க. பாக்கவே இடியாப்பம் மாதிரி இருக்கும். புது முறையில மில் நீளத்துக்கும் ஒரே ஒரு தடிச்ச கேபிள்தான். அதுக்குள்ள ரெண்டு வயர் சேதி கொண்டு போகும். இன்னும் ரெண்டு வயர் இருபத்திநாலு வோல்ட் கரண்டு கொண்டு போகும். வழியில எங்கெல்லாம் சென்சார் இருக்கோ அங்கெல்லாம் ஒரு கிளை பிரியும். தொட்டியில நெல்லு நெறஞ்சிருச்சா, நெல்ல மேல ஏத்துற எலிவேட்டர் சுத்துதா, தொட்டியோட அடிக்கதவு திறந்துச்சா, எல்லா விவரமும் அந்த ஒரு கேபிள்லயே வந்து சேரும்.

கேக்க லேசாத்தான் இருக்கும். ஆனா அந்த இருபத்திநாலு வோல்ட்டக் குடுக்குற சப்ளை பெட்டி எங்க இருக்குங்கிறதுலதான் முக்கால்வாசி வேலையும் இருக்கு. கேபிள் நீளம் போகப் போக வோல்ட்டேஜ் குறையும். தெருக்குழாய்த் தண்ணி மாதிரிதான். டேங்குக்குப் பக்கத்து வீட்டுல குடம் நெறஞ்சு வழியும், கடைசி வீட்டுக்காரி குழாயடியில நூல் மாதிரி வர்றதப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். எல்லாரும் ஒரே நேரத்துல பிடிச்சா அந்த நூலும் கிடையாது. பெட்டிய கேபிளுக்கு நடுவுல வச்சா ரெண்டு பக்கமும் தூரம் பாதியாயிரும், ஒவ்வொரு பக்கமும் ஓடுற கரண்டும் பாதியாயிரும். நான் ஒவ்வொரு சென்சாரும் வால்வும் எவ்வளவு கரண்டு இழுக்கும், பெட்டியில இருந்து எவ்வளவு தூரம்னு எழுதிப் பெருக்கிப் பாத்தேன். நடுவுல வச்சா கடைசி சென்சார் வரைக்கும் தாராளமாப் போய்ச் சேருது. ஒரு ஓரத்துல வச்சா, எல்லா மெஷினும் சேந்து ஓடுறப்ப மறு ஓரத்துக்குப் பத்தாது. மச்சானும் அதையேதான் சொன்னாங்க. அதுல எங்களுக்குள்ள ஒரு சண்டையும் இல்ல. மில் நடுவுல ஒரு தூண் இருந்துச்சு. அதுலதான் பெட்டின்னு வரைபடத்துல வட்டம் போட்டு வச்சேன்.

மில் முதலாளிய எல்லாரும் அண்ணாச்சின்னுதான் சொல்வாங்க. வீரகேரளம்புதூர் பக்கம் வயல் வரப்பு உள்ள குடும்பம். மரியாதையான மனுசன். மச்சான "பாய், வாங்க"ன்னு எந்திரிச்சு நின்னுதான் கூப்பிடுவார். அவங்க வீட்டுல முறுக்கு சுட்டா எங்களுக்கு ஒரு டப்பா வரும். பெருநாளைக்கு எங்க வீட்டு பிரியாணி அங்க போகும். ஒரு முகச்சுளிப்பு கிடையாது. அதையும் சொல்லிரணும், அப்புறம் நான் ஒருதலையாப் பேசுதேன்னு ஆயிரக் கூடாது.

ஆனா அவருக்கு வாஸ்து முக்கியம். கட்டடம் கிழக்கு மேற்கா நீளம். தென்கிழக்கு மூலை அக்னி மூலை, நெருப்பும் கரண்டும் அங்கதான் இருக்கணும்னு வாஸ்து பாக்குறவர் சொல்லியிருந்தார். மச்சான் முதல் தடவ இடத்தப் பாக்கப் போனப்ப அண்ணாச்சி அந்த மூலைக்குக் கூட்டிட்டுப் போயி, போர்டு எல்லாம் இங்கன வந்துரும் பாய், ஒங்களுக்கு இதுல நம்பிக்கை இருக்காது, எங்களுக்கு மனசு கேக்காதுன்னு சொல்லிச் சிரிச்சிருக்கார். மச்சானும் சிரிச்சுக்கிட்டே, ஒங்க எடம், ஒங்க இஷ்டம் அண்ணாச்சின்னு சொல்லிட்டு வந்துட்டாங்க. வீட்டுக்கு வந்து, வரைபடத்துல நான் தூண்ல போட்ட வட்டத்த அழிச்சிட்டு மூலையில போட்டாங்க.

எனக்கு வந்துச்சே ஒரு கோவம். மூலைன்னா கேபிளோட ஒரு ஓரம். நெல்லு வந்து இறங்குற இடமும், நெல்லக் காய வைக்குற டிரையரும் மேற்குக் கடைசி. அங்க வோல்ட்டேஜ் போய்ச் சேராதுன்னு நான் ஒருத்தியாச் சொன்னேன்? ரெண்டு பேரும் சேந்து போட்ட கணக்குத்தானே?

"மச்சான், மெயின் போர்டு அங்கனயே இருக்கட்டும். இந்த ஒரு பெட்டி மட்டும் நடுத்தூண்ல வரட்டுமான்னு அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்த கேளுங்க."

"அது அவங்க நம்பிக்கை. ஒரு பாய் போயி வாஸ்து வேண்டாம்னு பேசுனா அது வேற மாதிரி ஆயிரும். வேண்டாம்."

"வாஸ்து வேண்டாம்னு யாரு சொல்லச் சொன்னா? வயர் தூரம்னு சொல்லுங்க."

"எப்படிச் சொன்னாலும் அங்கதான் போயி நிக்கும். விடு."

அவங்க பயந்தது அண்ணாச்சிக்கு இல்ல. அது எனக்கும் தெரியும். இந்தக் காலத்துல எந்தப் பேச்சு எங்க போயி முட்டும்னு ஒருத்தருக்கும் நிச்சயம் இல்ல. நல்லா இருக்குற உறவ நம்ம வாயால கெடுத்துக்கிடக் கூடாதுன்னு நெனச்சாங்க. அத நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதோட சேந்து இன்னொண்ணும் இருந்துச்சு. தம்மாம்ல மேலதிகாரிய முதீர்னு சொல்வாங்களாம். முதீர் ஒண்ணு சொன்னா சரின்னு தலையாட்டணும், ஏன்னு கேட்டா அங்க தங்குறதுக்குக் குடுத்த இக்காமா போயிரும். வயசெல்லாம் அப்படியே தலையாட்டிப் பழகிப்போன கழுத்து. ஊருக்கு வந்த பிறகும் அது நிமிரல. எனக்கு அதுதான் தாங்கல.

சரி, மூலையில வச்சே சமாளிக்கலாம்னு மச்சான் இறங்கிட்டாங்க. கோயம்புத்தூர்ல இருந்து இருக்குறதுலயே தடிச்ச கேபிள வரவழைச்சாங்க. சப்ளை பெட்டியில வோல்ட்டேஜ் கூட்டுற ஒரு சின்ன திருகு உண்டு. அத எவ்வளவு கூட்டலாமோ அவ்வளவு கூட்டிக்கிடலாம்னாங்க. நான் திரும்பக் கணக்குப் போட்டேன். கிட்டத்தட்ட வந்துச்சு, ஆனா வரல. எல்லாக் கதவும் எல்லா மெஷினும் ஒரே நேரத்துல எங்க ஓடப் போகுதுன்னாங்க. அறுப்பு சீசன்ல ஓடுமேன்னேன். இன்ஷா அல்லாஹ் பாத்துக்கிடலாம்னாங்க. அந்த வார்த்தைக்கு மேல நான் என்னத்தப் பேச?

ஆனி ஆடியெல்லாம் அந்த வேலையில போச்சு. அந்த வருசம் சாரல் நல்லா இருந்துச்சு. காலையில தகரக் கூரையில சிணுசிணுன்னு விழுந்துக்கிட்டே இருக்கும்னு மச்சான் வந்து சொல்வாங்க. ஒரு ஞாயித்துக்கிழம மகளையும் கூட்டிக்கிட்டு ஐந்தருவிக்குப் போனோம். குத்தாலம் பக்கத்துலயே இருந்தும் மச்சான் சீசன்ல ஊர்ல இருந்தது ரொம்பக் குறைவு. லீவு எப்பவும் வேற மாசத்துலதான் கிடைக்கும். அவங்க ஆம்பிளைக பக்கம் போயி அருவிக்குள்ள நின்னவங்க வரவே இல்ல. நானும் மகளும் குளிச்சுத் துவட்டி, மங்குஸ்தான் பழம் வாங்கி உரிச்சுத் தின்னு முடிச்ச பிறகுதான் கண்ணெல்லாம் செவசெவன்னு வந்தாங்க. மக அவங்க தலையத் துண்டால துவட்டி விட்டா. "அடுத்த வருசமும் வரணும்த்தா"ன்னா. அவங்க என்னப் பாத்தாங்க. "வருவோம்"னாங்க. பாப்போம்னு சொல்லல.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து சூட்கேஸ்ல இருந்த சட்டையெல்லாம் எடுத்து பீரோவுல அடுக்குனாங்க. லீவுக்கு வந்தா எங்க வீட்டுல யாரும் சூட்கேஸ முழுசாக் காலி பண்ண மாட்டாங்க. போற நாள்ல அழுக்குத் துணி மட்டும் மாறும். அன்னைக்கு அவங்க சூட்கேஸத் துடைச்சுப் பரண்ல ஏத்துனதப் பாத்து நான் அடுப்படிக்குப் போயி அழுதேன். சந்தோசத்துல அழுதேன், என்னமோ பெரிசா ஜெயிச்ச மாதிரி.

சோதனை ஓட்டம் நல்லா நடந்துச்சு. பழைய நெல்லுக் கொஞ்சம் போட்டு ஓட்டுனாங்க. நெல்லு தொட்டியில ஏறுறது, கதவு தானாத் திறக்குறது, எல்லாம் கம்ப்யூட்டர் திரையில பச்சைப் பச்சையா வந்துச்சாம். அண்ணாச்சி மச்சானுக்குச் சால்வை போட்டார். மத்த ரெண்டு மில்லுக்காரங்களும் வந்து பாத்துட்டு, உங்க சீசன் ஓட்டத்தப் பாத்துட்டுப் பேசுவோம்னு சொல்லிட்டுப் போனாங்க. மச்சான் சால்வையோட வீட்டுக்குள்ள வந்தப்ப, அவங்களப் பெத்த மாமி கண்ணு பட்டுரும்னு மிளகா சுத்திப் போட்டாங்க. எனக்கு மட்டும் உள்ளுக்குள்ள நமநமன்னு இருந்துச்சு. அன்னைக்கு ஓடுனது பாதி மெஷின்கூட இல்ல.

கார் அறுப்பு முடிஞ்சு நெல்லு வர ஆரம்பிச்சுது. இலத்தூர்ல இருந்து, கீழ்ப் பக்கம் ஊர்கள்ல இருந்து, லாரி லாரியா. மில் முழு ஓட்டம் ஓடுன அன்னைக்கு மத்தியானமே நின்னுருச்சு. மேற்குக் கடைசியில டிரையர் பக்கம் இருந்த சென்சாருக ஒவ்வொண்ணா லைன்ல இருந்து விலகிருச்சு. சென்சார் பேசலேன்னா பாதுகாப்புக்காக மொத்த மில்லும் நின்னுரும், அப்படித்தான் நாங்களே வச்சிருந்தோம். மச்சான் திரும்ப ஓட்டுவாங்க. கொஞ்ச நேரம் ஓடும். எங்கயாவது நாலு கதவு சேந்து திறந்தா திரும்ப நின்னுரும். புழுங்கலுக்கு நனைச்ச நெல்லு தொட்டியில கிடந்து நாத்தம் எடுக்க ஆரம்பிச்சுது. ஊற வச்ச நெல்லு காத்துக்கிட்டு நிக்காது. அண்ணாச்சி வேற வழி இல்லாம ஆள் விட்டு அள்ளுனார்.

மச்சான் மீட்டர் வச்சுப் பாத்துட்டு வந்து, டிரையர்கிட்ட வோல்ட்டேஜ் பத்தலன்னு சொன்னாங்க. எனக்குத் தெரியாத சேதியா அது? தட்டுல சோத்த வச்சுக்கிட்டு அத அளைஞ்சுக்கிட்டே இருந்தாங்க. இப்பவாவது கேளுங்கன்னு நான் கெஞ்சுனேன். பெட்டி நடுத்தூணுக்குப் போகணும், அது ஒரு நாள் வேலை. அவங்க, இப்பப் போயி மூலையில வச்சதுனாலதான் கெட்டுச்சுன்னு சொன்னா, வேலை தெரியாதவன் வாஸ்து மேல பழியப் போடுதான்னு ஆயிரும்னாங்க. அதுவும் நெசந்தான். முதல்லயே கேட்டிருந்தா அது யோசனை, இப்பக் கேட்டா அது சாக்கு. நான் விடல.

"நீங்க கேக்க வேண்டாம். நான் வந்து கேக்கேன்."

"பொண்டாட்டிய விட்டுக் கேக்கான்னு சொல்லுவாங்க. என் மானத்த வாங்காத."

கல்யாணம் ஆன நாள்ல இருந்து என்கிட்ட அப்படி ஒரு சொல் சொன்னவங்க இல்ல. நான் வாய மூடிக்கிட்டேன். என் வாய்க்கு அது பெரிய வேலை.

ரெண்டு மூணு நாள் கழிச்சு அண்ணாச்சி ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டிருக்கார். காபி குடுத்திருக்கார். சத்தம் போடல. பாய், மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீங்க, ஒங்களால ஆகலேன்னா சொல்லிருங்க, நான் கோயம்புத்தூர்ல இருந்து ஆள் கூப்பிட்டுக்கிடுதேன்னு சொல்லியிருக்கார். அவர் திட்டியிருந்தாக்கூட மச்சான் திருப்பி ஒரு வார்த்தை சொல்லியிருப்பாங்களோ என்னமோ. அவ்வளவு மரியாதையாச் சொன்னதும் சரிங்க அண்ணாச்சின்னு எந்திரிச்சு வந்துட்டாங்க. மத்த ரெண்டு மில்லுக்காரங்களும் அதுக்குள்ள போன எடுக்குறத நிறுத்திட்டாங்க. விசா கெடு நெருங்கிருச்சு. ஜும்மா முடிஞ்சு வந்து தொப்பிய மடிச்சு வச்சுட்டு, பரண்ல இருந்து சூட்கேஸ எடுத்துத் தரச் சொன்னாங்க. நான் எடுத்துத் தரல. அவங்களே நாற்காலி போட்டு ஏறி எடுத்தாங்க.

மகளுக்குச் சொன்னது நான்தான். அவ அழுவான்னு பாத்தேன். அழல. "வேன்ல பிள்ளைக கேட்டா என்னம்மா சொல்ல?"ன்னு மட்டும் கேட்டா.  

திருவனந்தபுரத்துக்குக் கார்ல போனோம். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏத்தத்துல மழை பிடிச்சுக்கிச்சு. மச்சான் முன்சீட்ல உக்காந்து, மகளோட ஃபீஸு, மாமியோட சுகர் மாத்திரை, கேஸ் புக் பண்றதுன்னு ஒவ்வொண்ணாச் சொல்லிக்கிட்டே வந்தாங்க. எல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதான். அவங்க இல்லாம நான்தானே அத்தனையும் பாத்துக்கிட்டு இருந்தேன்? ஆனாலும் ம், ம்னு கேட்டுக்கிட்டு வந்தேன். ஏர்போர்ட் வாசல்ல மக தலையில கைய வச்சு துஆ ஓதி ஊதுனாங்க.  உள்ள போயி டிராலியத் தள்ளிக்கிட்டு வளைவுல திரும்புறப்ப ஒருக்க நின்னாங்க, திரும்பிப் பாக்கல. எனக்கு அந்த நிமிசத்துல அவங்க மேல வந்த கோவத்துக்கு அளவே இல்ல. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தா இந்த மனுசன் இப்ப என் பக்கத்துல நின்னுருப்பாங்களேன்னு நெனச்சுக்கிட்டே கண்ணாடிக்கு வெளிய நின்னேன். அவ்வளவு ஆசையையும் அழிச்சுட்டுப் போயிட்டாங்களே.

அவங்க போயிக் கொஞ்ச நாள் கழிச்சு அண்ணாச்சி எனக்குப் போன் பண்ணுனார். கோயம்புத்தூர் ஆளுக தீபாவளி கழிச்சுத்தான் வருவாங்களாம். அதுக்கு முன்னால கேபிள் வரைபடத்த அனுப்பச் சொல்றாங்களாம். அது வீட்டுல இருக்கான்னு கேட்டார். இருக்கு, நானே கொண்டு வாரேன்னேன். மாமி ஏன் எதுக்குன்னு கேக்குறதுக்குள்ள புர்காவ மாட்டிக்கிட்டு சுரண்டை பஸ் ஏறிட்டேன். அவங்க மானம் இப்ப கடல் தாண்டிப் போயிருச்சே, இனி யார் வாங்கப் போறா?

மில்லுக்குள்ள நான் கால் வச்சது அதுதான் முதல் தடவ. பேப்பர்ல நான் வரைஞ்ச நீளம் கண்ணு முன்னால கிடந்துச்சு. டிரையர், எலிவேட்டர், கதவுக, எல்லாம் நான் கோடு போட்ட இடத்துல நின்னுச்சு. கேபிள மச்சான் எவ்வளவு சீரா இழுத்திருந்தாங்க தெரியுமா? ஒரு மடிப்புக் கிடையாது, ஒரு தொங்கல் கிடையாது. கிளை பிரியுற இடத்துலயெல்லாம் அவங்க கையெழுத்துல சின்னச் சின்னதாப் பேர் ஒட்டியிருந்துச்சு.  மில் ஓடல. நாலஞ்சு ஆளுக கையால கதவத் தூக்கிக்கிட்டு இருந்தாங்க.

அண்ணாச்சி ஓடி வந்து நாற்காலி போடச் சொன்னார். பாய் சுகமா, போய்ச் சேந்துட்டாங்களான்னு விசாரிச்சார். நான் உக்காரல. வரைபடத்த விரிச்சுக் காட்டுனேன். இந்தப் பெட்டி மூலையில இருக்குறதுனாலதான் கடைசிக்குக் கரண்டு போய்ச் சேரல, நடுத்தூணுக்கு மாத்துனா ஓடும், ஒங்க வாஸ்துவுக்கு இது ஒத்து வருமா வராதான்னு எனக்குத் தெரியாது, கேட்டுட்டுச் சொல்லுங்கன்னு படபடன்னு கேட்டுட்டேன். சண்டைக்குத் தயாராத்தான் நின்னேன். அவர் என்ன சொன்னாலும் திருப்பிச் சொல்ல மனசுல பத்துப் பதில் எழுதி வச்சிருந்தேன்.

அண்ணாச்சி அந்தப் பெட்டியப் போயிப் பாத்தார். செங்கல் அளவுகூட இருக்காது. திரும்பி வந்தார்.

"ஏம்மா, இந்தச் சின்னப் பெட்டியா? ஈபி லைன் இறங்குத மெயின் போர்டு அக்னி மூலையில இருக்கணும், அம்புட்டுத்தான். இத எங்கன வேணும்னாலும் மாட்டிக்கிடுங்க. பாய் என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

நான் எழுதி வச்சிருந்த பத்துப் பதில்ல ஒண்ணுகூட இதுக்கு ஆகல. அப்பத்தான் உக்காந்தேன். அண்ணாச்சி முகமும் ஒரு மாதிரி ஆயிருச்சு. பாய் ஏன் கேக்கலன்னு அவருக்கு அந்த நேரம் விளங்கிருச்சுன்னுதான் எனக்குத் தோணுச்சு. தலையக் குனிஞ்சுக்கிட்டு, என்கிட்டப் போயி தயங்கிருக்காகளேன்னு தனக்குத்தானே சொன்னார். அவர் மேல எனக்குக் கோவம் வரல. வந்திருந்தா கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும்.

மில் எலக்ட்ரீசியன வச்சு, பெட்டியக் கழத்தி நடுத்தூண்ல மாட்டி, பக்கத்து போர்டுல இருந்து அதுக்கு ஒரு லைன் எடுத்து, கேபிள அந்த இடத்துல வெட்டிச் சேத்தோம். நான் சொல்லச் சொல்ல அந்தத் தம்பி செஞ்சார். கூட்டி வச்சிருந்த திருகப் பழைய இடத்துக்கே குறைச்சேன். மச்சான் மீட்டர் அங்கதான் கிடந்துச்சு. எல்லா மெஷினையும் ஓட்டச் சொல்லிட்டு டிரையர்கிட்ட வச்சுப் பாத்தேன். போதுமான வோல்ட்டேஜ் நின்னுச்சு. எல்லாக் கதவையும் சேத்துத் திறக்கச் சொன்னேன். அப்பவும் வோல்ட்டேஜ் அசையல. சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்றதுக்குள்ள வேலை முடிஞ்சிருச்சு. என் வீட்டுக்காரர் இங்க இருக்கவா போகவாங்கிற வேலை அது. ஒரு மத்தியானம்கூட எடுக்கல.

அண்ணாச்சி கார்ல கொண்டு விடுதேன்னார். வேண்டாம்னுட்டு பஸ்லயே வந்தேன். ஜன்னலோரத்துல உக்காந்து முகத்திரைக்குள்ள தென்காசி வர்ற வரைக்கும் அழுதேன். யாருக்கும் தெரியல.

வெள்ளிக்கிழம மச்சானுக்கு லீவு. வீடியோ கால்ல வந்தாங்க. ரூம்ல கூட இருக்குறவங்க சமைக்குற சத்தம் கேட்டுச்சு. மெலிஞ்சிருந்தாங்க. ரெண்டு வருசக் காண்ட்ராக்ட் புதுசாப் போட்டாச்சாம், இனி நடுவுல விட்டு வர முடியாதாம். நான் மில் ஓடுதுன்னு சொன்னேன். பெட்டிய நடுத்தூணுக்கு மாத்தியாச்சு, முழு லோடுல நிக்காம ஓடுதுன்னேன். அந்த முகத்துல வெளிச்சம் வந்தத நான் பாத்தேன். கணக்கு சரியாத்தான் இருந்திருக்குன்னாங்க. கேபிள் எல்லாம் நல்லா இருக்கான்னு கேட்டாங்க. ஒங்கள மாதிரி யாரு இழுப்பான்னேன். சிரிச்சாங்க. அப்புறம் சிரிப்பு நின்னு, அந்தக் கேள்விய எடுத்துட்டாங்க.

"அண்ணாச்சி எப்படி ஒத்துக்கிட்டாரு?"

நான் வாய்க்கு வந்தத மறைக்கத் தெரியாதவ. மாமிகிட்ட, நாத்தனார்கிட்ட, ஊருல எல்லார்கிட்டயும் பேர் எடுத்த வாய் இது. அன்னைக்கு மட்டும் அந்த முகத்தப் பாத்துக்கிட்டு எனக்கு உண்மை வரல.

"லேசுல ஒத்துக்கிடல மச்சான். ரொம்பச் சண்ட போட்டேன். வாஸ்துக்காரரையே வரச் சொல்லிட்டாரு. முடியவே முடியாதுன்னு நின்னாரு. நெல்லு நாறிப் போன பிறகு வேற வழியில்லாமத்தான் சரின்னாரு."

மச்சான் பெருமூச்சு விட்டாங்க. தோள் இறங்குனது போன்லயே தெரிஞ்சுது.

"பாத்தியா. நான் அன்னைக்கே சொன்னேன்லா? நான் கேட்டிருந்தாலும் நடந்திருக்காது."

"ஆமா மச்சான்"னு சொன்னேன். "நீங்க கேட்டிருந்தாலும் நடந்திருக்காது."